கடல் வந்ததாக நாங்கள் எழுதிய தோப்பு

இதை எழுதியாக வேண்டியதற்குக் காரணம் ஒன்றே. நிலவியல் ஆய்விதழ் ஒன்றில், என் கையொப்பத்துடன் அச்சேறிய திருத்தக் கடிதம் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. ஆனால் கடிதத்தை முழுமையாகப் படித்து முடிப்பவர் மனத்தில் தங்குவது உண்மையன்று. இதை அறிந்தவர் இருவர். ஒருவர் என்னோடு கால் நூற்றாண்டு ஒரே துறையில் பணியாற்றிய சுகுமாரன், மற்றவன் நான். அவர் இதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை, இனியும் பேசமாட்டார். எனவே எழுதும் கடமை என்னுடையதாகிறது.

துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குக் கருவிகளைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் ஓய்வு பெற்றபின் வந்துள்ள கருவிகள் சிலவற்றின் பெயர்கூட எனக்குத் தெரியாது. எந்தக் கருவியும் எடுத்துத் தராத முடிவு ஒன்றை நான் எவ்வாறு எடுத்தேன், எதை இழந்தேன் என்பதைச் சொல்ல மட்டுமே எனக்குத் தகுதி உண்டு.

என் ஆய்வு மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியைப் பற்றியது. அம்மலை எப்போது எழுந்தது, இன்னும் எழுந்துகொண்டிருக்கிறதா என்பது கேள்வி. மலை தன் வரலாற்றைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. மழையும் ஆறும் அதிலிருந்து அரித்துச் செல்வதைக் கடலோரத் தாழ்நிலங்களும் கடலடிப் படுகைகளுமே அடுக்கடுக்காகச் சேர்த்து வைக்கின்றன. ஆகவே மலையை அறிய விரும்புபவன் மலைக்கு முதுகைக் காட்டி நின்று தாழ்நிலத்தைத் தோண்ட வேண்டும். என் பணிக்காலத்தின் பெரும்பகுதியை நான் அவ்வாறுதான் கழித்தேன்.

அதற்கு முன், மாணவனாக இருந்த நாளில், என் ஆசிரியர் எங்களைப் பத்மநாபபுரத்துக்கு மேலே மலைச்சரிவிலிருந்த கல்குவாரி ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். கீழே கிடந்த ஒரு பெரும்பாறையில் செந்நிற மணிக்கற்கள் செறிந்திருந்தன. அது மேல்முகத்திலிருந்து விழுந்தது என்று அங்கே கல்லுடைத்துக்கொண்டிருந்தவர் சொன்னார். நான் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஆசிரியர் கொதிக்கும் வெயிலில் எங்களை மேல்முகம் வரை ஏற்றினார். அங்கே அத்தகைய பாறையே இல்லை. இறங்கி வந்தபின் என் குறிப்பேட்டை வாங்கி, அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "பாறை சொன்னதை மட்டும் எழுது" என்றார். அவர் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. அவர் சொன்னதை நான் பின்னாளில் பயன்படுத்திய விதத்துக்கு அவர் பொறுப்பாளர் அல்லர்.

சுகுமாரன் குழித்துறையைச் சேர்ந்தவர். எனக்குச் சில ஆண்டுகள் இளையவர். துறையில் நான் பேராசிரியர், அவர் இணைப்பேராசிரியர். ஆனால் களத்தில் அந்த வேறுபாடு எங்களிடையே இருந்ததில்லை. அளவுநாடாவின் ஒரு முனையை நான் பிடித்தால் மறுமுனை அவர் கையில் இருக்கும். என் எழுத்துத்தமிழ் கலந்த பேச்சை அவர் ஓயாமல் கேலி செய்வார். ஒருமுறை பேருந்து நடத்துநரிடம் நான் "இரண்டு பயணச்சீட்டு" என்று கேட்டபோது, "இவருக்கு ரெண்டு டிக்கட்டு குடும், எனக்க மொழிபெயர்ப்புக் கூலிய பெறவு தந்தாப் போதும்" என்று அவர் சொல்லப் பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் என்னை "வே" என்றுதான் அழைப்பார். எங்கள் பக்கத்தில் அது ஒப்பானவரிடம் உரிமையோடு சொல்லும் சொல். துறையில் வேறு எவரும் என்னை அப்படி அழைத்ததில்லை.

இராஜாக்கமங்கலத்துக்கு வடக்கே, கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தென்னந்தோப்பு. அங்கே நாங்கள் ஆளுயர ஆழத்துக்கு ஓர் ஆய்வுக்குழி வெட்டினோம். அடியில் செங்களிமண். அதன் மேல் சிப்பிகள் கலந்த கடல்மணல், முழங்கால் உயரத்துக்கு. அதற்கும் மேல் நன்னீர் நத்தை ஓடுகள் நிறைந்த கருவண்டல். இதை வாசிக்கத் தெரிந்தவனுக்கு இது தெளிவான கதை: ஒரு காலத்தில் நிலம், பின்பு கடல் உள்ளே வந்தது, பின்பு நிலம் உயரக் கடல் விலகி, எஞ்சிய பள்ளத்தில் நன்னீர் தேங்கியது. சிப்பிகளின் வயதைக் கணிக்க அனுப்பினோம். சில ஆயிரம் ஆண்டுகள் என்று விடை வந்தது. அக்காலத்தில் கடல் அத்தனை உயரத்துக்கு வந்ததற்கு வேறு எங்கும் சான்றில்லை. எனவே உயர்ந்தது நிலமே. மலையின் தென்கோடி இன்னும் எழுந்துகொண்டிருக்கிறது. எங்கள் கட்டுரையின் சாரம் இதுவே.

அது அச்சேறியபின் பல நாடுகளிலிருந்து மடல்கள் வந்தன. எனக்கு அது இறுதிக்காலப் பெருமை. சுகுமாரனுக்கு அதனினும் பெரியது. அவருடைய பேராசிரியர் பதவி உயர்வு பல ஆண்டுகளாகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. தேர்வுக்குழுவின் முன் வைக்கத்தக்க வலுவான ஆய்வு என்று அவரிடம் இருந்தது இது ஒன்றுதான்.

அவருடைய நேர்காணலுக்கு ஒரு வாரம் இருந்தபோது, வெளிநாட்டு ஆய்வுக்குழு ஒன்று அந்தத் தோப்பில் துளையிட்டு ஆராய வருவதாகச் செய்தி வந்தது. நான்கு நாளில் வந்துவிடுவார்கள். தோப்பின் உரிமையாளரிடம் இசைவு பெற வேண்டும். சுகுமாரன் நேர்காணலுக்கான ஆவணங்களைத் தொகுத்துக்கொண்டிருந்ததால் நான் தனியாகச் சென்றேன்.

உரிமையாளர் செல்லத்தங்கம் என்ற அம்மையார். கணவரை இழந்தவர்; தோப்பைத் தாமே பார்த்துவருபவர். முன்பு குழி வெட்டியபோது இசைவு தந்தவரும் அவரே. நெற்றியில் அய்யாவழியினர் இடும் வெண்ணாமம் துலங்க, தேங்காய் உரிப்பவர்களை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். நான் விவரம் சொன்னதும், மறுபடியும் தோண்டப்போகிறோமா என்று கேட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முன்பு எங்களில் ஒருவர் குழிக்குள் நின்று தூரிகையால் மண்ணைத் துடைக்க, மற்றவர் மேலிருந்து எழுதிக்கொண்டிருந்ததை அவரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் மதில் ஓரம் நின்று பார்த்துச் சிரித்தார்களாம். புதையல் தேடுகிறோம் என்று ஊரில் பேச்சாம். கடல் ஒரு காலத்தில் இவ்விடம் வரை வந்திருந்தது, அதையே ஆராய்கிறோம் என்று நான் சற்றுப் பெருமையோடு விளக்கினேன்.

அவர் முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். பின்பு சொன்னார்:

"கடல் இஞ்ச வரல்ல சார். எங்க மாமாவுக்க மாட்டுவண்டியாக்கும் வந்துது."

அவருடைய மாமனார் காலம் வரை அது நெல்வயல். களிமண்ணில் தென்னை வேர் பிடிக்காது என்று, கரையோரத்துப் பழைய மணல்மேட்டிலிருந்து வண்டி வண்டியாக மணல் கொண்டுவந்து, வயல் முழுவதும் பரப்பியிருக்கிறார். அடுத்த கோடையில் குளம் வற்றியபோது, ஊர் வழக்கப்படி குளத்து வண்டலை வெட்டி மணலின் மேல் உரமாகப் போட்டிருக்கிறார். செல்லத்தங்கம் மணமாகி வந்த ஆண்டிலும் அந்த வேலை நடந்துகொண்டிருந்ததாம். வண்டல் சுமந்து தலைமுடி கொட்டியதைக்கூடச் சொன்னார். முன்பே இதைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீங்க கேக்கல்லியே சார். படிச்சவங்க தோண்டுதியோ, உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உள்ளபடியே சொன்னார்.

சொன்னதைக் கேட்டு எழுதக்கூடாது என்று பயின்றவன் நான். ஆகவே அப்போதும் சோதித்தேன். தேங்காய் உரித்தவர்களில் ஒருவரிடம் மண்வெட்டி வாங்கி, வரப்புக்கு இந்தப் பக்கம் ஓர் இடத்திலும் அந்தப் பக்கம் ஓர் இடத்திலும் தோண்டச் செய்தேன். இந்தப் பக்கம் மணல் இருந்தது. அந்தப் பக்கம், ஒரு முழம் தள்ளி, மேலிருந்து கீழ்வரை வெறும் களிமண். கிழக்கு வரப்பிலும் அவ்வாறே. நில அளவைக் கல் நட்ட எல்லையில் வந்து நிற்கும் கடல் உலகில் எங்கும் கிடையாது.

சிப்பியின் வயதில் பிழையில்லை என்பதையும் அங்கேயே உணர்ந்தேன். மணல்மேடு பழையது, அதிலுள்ள சிப்பியும் பழையது. அது அந்தத் தோப்புக்கு வந்து சேர்ந்த நாள்தான் புதியது.

இனி நான் எடுத்த முடிவு. பேருந்தில் திரும்பும்போதே அதை எடுத்துவிட்டேன். கட்டுரையின் முடிவு தவறு என்று ஆய்விதழுக்குத் திருத்தக் கடிதம் எழுத வேண்டும், வரவிருந்த குழுவைத் தடுக்க வேண்டும். இதில் எனக்கு ஐயமில்லை, இன்றும் இல்லை. ஆனால் சுகுமாரனிடம் முதலில் சொல்வதா, கடிதத்தை முதலில் அனுப்புவதா? அவரிடம் சொன்னால், நேர்காணல் முடியும் வரை ஒரு வாரம் பொறுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் கேட்டால் நான் இணங்கிவிடுவேன் என்று அஞ்சினேன். என் நேர்மைக்கு நானே காவல் வைப்பதாக எண்ணிக்கொண்டு, வீடு சேர்ந்ததும் விளக்கேற்றும் பொழுதுக்குள் ஆய்விதழுக்குக் கடிதத்தையும் குழுவுக்கு ஒரு மடலையும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை அவர் அறைக்குச் சென்றேன். மேசை மேல் நகலெடுத்த சான்றிதழ்கள் வரிசையாக இருந்தன. நடந்ததைச் சொன்னேன். நான் முடித்ததும் அவர் கேட்டார்:

"வரப்புக்கு அந்தப்பக்கம் தோண்டிப் பாத்தீரா?"

பார்த்தேன், மணல் இல்லை என்றேன்.

"அப்ப செரிதான். எழுதணும்லா. இண்ணைக்கே எழுதுவோம் வே."

நேற்றே அனுப்பிவிட்டதாகச் சொன்னேன். அவர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். தம் பெயரும் அதில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். சன்னலுக்கு வெளியே எவரோ வண்டியைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனபின் அவர் கேட்டார்:

"எனக்கிட்டச் சொன்னா நான் தடுப்பேன்னு நெனச்சீரு. இல்லியா?"

அவர் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக அடுக்கி இழுப்பறையில் வைத்தார். அந்த நேர்காணலுக்கு அவர் செல்லவில்லை.

சில மாதங்களில் கடிதம் அச்சாகி வந்தது. அதைப் படித்தபின் ஒருநாள் சுகுமாரன், மாணவர் வருகைப் பட்டியலில் கையொப்பம் கேட்டு என்னிடம் வந்தார். "இதுல ஒரு ஒப்பு போடுங்க சார்" என்றார். என்னை அவர் அப்படி அழைத்தது அதுவே முதல்முறை. நேர்காணல் பறிபோன வருத்தம் என்று அப்போது எண்ணிக்கொண்டேன். நாளடைவில் ஆறிவிடும் என்றும் எண்ணினேன். நான் ஓய்வு பெறும் வரை "சார்" மாறவில்லை. பணியில் ஒரு குறையும் வைக்கவில்லை. கேட்டதற்கு விடை சொன்னார். விடைக்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. களத்துக்கு நான் தனியே செல்லத் தொடங்கினேன். அளவுநாடாவின் மறுமுனையை ஒரு கடப்பாரையில் கட்டி ஊன்றிவிட்டு நடப்பேன். காற்றில் நாடா அலையும், அளவு பிசகும், மீண்டும் சென்று இழுத்துக் கட்டிவிட்டு வருவேன். பேசாத நாட்களில் தமிழே மறந்துவிடுமோ என்று தோன்றும். ஒருமுறை கருமணற்படிவு ஒன்றைப் பார்த்து, அதன் அழகைச் சொல்ல வாயெடுத்துத் திரும்பினேன். கடப்பாரைதான் நின்றது.

ஓய்வுக்குப்பின் என் களக்குறிப்பேடுகளைத் துறைக்குக் கொடுக்க எண்ணி ஒழுங்குபடுத்தினேன். வீட்டில் நான் ஒருவனே. முன்னறை முழுவதும் பாறைத்துண்டுகளும் குறிப்பேடுகளும்தாம். அந்தத் தோப்பில் குழி வெட்டிய நாளின் பக்கம் ஒரு பிற்பகலில் கையில் கிடைத்தது. மணலின் தடிமன், வண்டலின் நிறம், சிப்பி வகை எல்லாம் என் கையெழுத்தில் ஒழுங்காக இருந்தன. பக்கத்தின் அடியில் ஒரு வரி:

"சு., நில உரிமையாளரைக் கேட்கலாம் என்கிறார். தேவையில்லை."

படித்ததும் அந்த நண்பகல் முழுவதும் திரும்பி வந்தது. குழிக்குள் நின்றவர் அவர். மேலே விளிம்பில் அமர்ந்து எழுதியவன் நான். மணலுக்கும் களிமண்ணுக்கும் இடையிலிருந்த கோட்டில் விரல் வைத்து அவர் சொன்னார்:

"அடியப் பாரும்வே. மம்பட்டி வச்சுச் செரண்டின மாதியாக்கும் இருக்கு. கடல் வந்தா இப்பிடியா இருக்கும்? அந்தம்மாட்ட ஒருக்கா கேட்டாலென்ன?"

படிவே பேசும்போது வேறு சாட்சி எதற்கு என்றேன் நான். என் ஆசிரியரின் சிவப்பு மைக் கோட்டையும் அவருக்கு நினைவூட்டினேன்.

"செரி. உம்ம செந்தமிழ் மண்ணுக்கு மனசிலாவுதுண்ணா எனக்கென்ன" என்று சிரித்துவிட்டு அவர் தம் வேலையைத் தொடர்ந்தார்.

இப்போது அந்தத் திருத்தக் கடிதத்தை எடுத்து வைத்துப் படித்தேன். "ஆய்வுக்குழியின் நேரடி ஆய்வு இணையாசிரியரால் மேற்கொள்ளப்பட்டது, மணலின் அடிக்கோடு இயற்கைக்கு மாறாக இருந்தது உரிய கவனம் பெறவில்லை" என்ற பொருளில் அதில் இரண்டு வரிகள் உள்ளன. குழிக்குள் நின்று ஆராய்ந்தவர் அவரே, அது உண்மை. அடிக்கோடு கவனம் பெறவில்லை, அதுவும் உண்மை. கவனித்தவர் அவர், கவனிக்க மறுத்தவன் நான் என்பது மட்டும் அதில் இல்லை. படிப்பவர் எவரும் பிழையை அவருடையதாகவே கொள்வர். அவர் "சார்" என்று அழைக்கத் தொடங்கியது அந்த இரண்டு வரிகளைப் படித்தபின் என்பது எனக்கு அந்தப் பிற்பகலில்தான் விளங்கிற்று. வேண்டுமென்றே அவ்வாறு எழுதினேனா என்று என்னையே பலமுறை கேட்டுப் பார்த்தேன். இல்லை என்றே தோன்றுகிறது. எழுதுகையில் அந்த நண்பகல் என் நினைவில் இல்லை. வசதியான மறதி எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாது. அதனால் இதில் உறுதி கூற இயலாது.

ஆய்விதழுக்கு எழுதினேன். இத்தனை ஆண்டுகளுக்குப்பின் ஒரு திருத்தத்துக்குத் திருத்தம் வெளியிடும் வழக்கம் தங்களிடம் இல்லை என்று பணிவாக மறுத்துவிட்டார்கள். பின்பு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு குழித்துறைக்குச் சென்றேன். ஆற்றை ஒட்டிய வீடு. சுகுமாரன் கைலியோடு முற்றத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். தலை முற்றிலும் நரைத்திருந்தது. நாற்காலி எடுத்துப் போட்டார். நான் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து படித்தார்.

"இது இப்பமா கெடச்சுது சார்?"

ஆம் என்றேன்.

"எனக்கு மறக்கல்ல" என்றார்.

நான் எண்ணி வைத்திருந்த சொற்களைச் சொன்னேன். கடிதத்தின் பிழையை எழுத்தில் பதிவு செய்ய விரும்புவதாகவும், இம்முறை அவரைக் கேட்காமல் எழுதமாட்டேன் என்றும் சொன்னேன். அவர் மிளகைக் கையால் பரப்பிக்கொண்டே, "எழுதுங்க சார், உங்களுக்க இஷ்டம்" என்றார். பால் கலக்காத கட்டஞ்சாயா வந்தது. மழை பொய்த்தது பற்றியும் அணையில் நீர் திறந்தது பற்றியும் பேசினோம். சினந்து பேசுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவருடைய சினத்துக்குக்கூட எனக்கு உரிமை இல்லாமற்போயிருந்தது. குடை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை வந்தார். பேருந்து வந்ததும், படி உயரம், பார்த்து ஏறுங்கள் என்றார்.

புதியவர்களே, இதிலிருந்து நீங்கள் கொள்ளத்தக்கதாக எனக்குத் தோன்றும் இரண்டைச் சொல்கிறேன். மலைப்பாறையில் என் ஆசிரியரின் விதி சரி. ஆனால் நாஞ்சில் நாட்டுத் தாழ்நிலத்தில் மனிதன் தூக்கிப் புரட்டி இடம் மாற்றாத மண் ஒரு கூடைகூட இல்லை. ஆறும் காற்றும் செய்ததைப் படிப்பது போலவே மண்வெட்டி செய்ததையும் படியுங்கள். அதைப் படிக்க ஒரே வழி, அந்த மண்ணில் வேலை செய்தவரைக் கேட்பது. கேட்டபின் சோதியுங்கள். கேட்காமல் சோதித்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

மற்றது: உங்களோடு சேர்ந்து ஒரு பிழையைச் செய்தவரிடம் சொல்லாமல் அதைத் திருத்தாதீர்கள். அவர் தடுப்பார் என்று தோன்றினால், தடுக்கட்டும். அப்போது மறுத்துவிட்டு எழுதுங்கள். சுகுமாரன் தடுத்திருக்கமாட்டார். அன்றே எழுதுவோம் என்றுதான் சொன்னார். முதல்நாள் மாலையே கேட்டிருந்தால், எழுதும் மேசையில் என் பக்கத்தில் அமர்ந்து, அந்த இரண்டு வரிகளைப் பார்த்து, "இது செரியில்ல வே" என்று சொல்லியிருப்பார்.

இக்கட்டுரையை, வலப்பக்கம் அகலமாக ஓரம் விட்டுத் தட்டச்சிட்டு, அஞ்சலில் அவருக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டு மாதங்கள் ஆகின்றன. மறுமொழி வரவில்லை. வராத மறுமொழியை இசைவென்று கொள்ளும் துணிவு எனக்கு இனி இல்லை. ஆகவே துறை நூலகத்தில் வைக்கக் கொடுக்கும் இந்தப் படியையும் ஒருவர் மட்டுமே பார்த்த படியாகவே கொள்ள வேண்டும். அடுக்குகளின் வரிசையிலோ, மணலின் தடிமனிலோ, சொன்ன சொற்களிலோ பிழை காண்போர் அன்புகூர்ந்து ஓரத்தில் குறித்து வையுங்கள், திருத்திக்கொள்கிறேன். குழித்துறையிலிருந்து திருத்தம் ஏதேனும் வருமானால், அது என் காலத்துக்குப் பின் வந்தாலும், அதையும் சேர்த்துக் கட்டுங்கள். எங்கள் இருவர் நினைவும் மாறுபடும் இடங்களில் அவருடையதையே கொள்ளுங்கள். குழிக்குள் இறங்கி நின்று பார்த்தவர் அவர்.